எடுத்துக்கோங்க டீச்சர்

தலைமையாசிரியை நீட்டிய காகிதத்தைச் சோஷியல் சார் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறை படித்தும் அதில் ஓர் எழுத்துப் பிழைகூட அகப்படவில்லை. அதுதான் அவரை முதலில் பயமுறுத்தியது.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று எல்லாமே இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவ மாணவியர் முப்பத்தெட்டுப் பேரும் வரிசை எண் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த நாள் முதல் மாணவிகள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சாவி தலைமையாசிரியையிடம் இருக்கிறது. போவதற்கு இடம் இல்லாததால் மாணவிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். ஆகவே கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். முடியாதென்றால் அதற்கான காரணத்தை ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

பார்வை என்ற இடத்தில், 'சமூக அறிவியல் பாடநூல், குடிமையியல் நான்காம் பாடம், பக்கம் 111' என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், 'நகல்: கல்வி அதிகாரி அவர்களுக்கு, தகவலுக்காக.'

"படிச்சீங்களா சார்?" என்றார் தலைமையாசிரியை.

"படிச்சேன் மேடம்."

"என்ன தோணுது?"

"கையெழுத்து அழகா இருக்கு மேடம்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி கழன்றால் எதிரில் இருப்பவரின் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. தெரியாத முகத்தைத் திட்டுவது சுலபம்.

"டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி மாட்டி, வாசல்ல பூந்தொட்டி வச்சு, அந்த டாய்லெட்டை நான் எதுக்குப் பூட்டி வச்சிருக்கேன்? அதிகாரிங்க யாராவது வந்தா காட்டறதுக்கு. இதுங்ககிட்ட திறந்து விட்டா ரெண்டே நாள்ல நாறடிச்சிடும். அது போகட்டும். நூத்திப் பதினொண்ணாம் பக்கம்னு எழுதியிருக்கே, இந்தப் பாடத்தை யார் நடத்தினது?"

சோஷியல் சார் நான்காவது முறையாகக் காகிதத்தைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவர் ஒரு வரிகூட நடத்தவில்லை. அவருடைய பாடவேளை ஆறாவது பீரியட். மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவது. மணி அடித்ததும் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார். "சார், இன்னைக்கு உங்க பீரியடை..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே, "எடுத்துக்கோங்க டீச்சர்" என்று சோஷியல் சார் முடித்துவிடுவார். தினமும் இதே வசனம். சக ஆசிரியர்கள் அவருக்கு 'எடுத்துக்கோங்க' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. கொடுக்கிற மனம் எல்லாருக்கும் வராது. கொடுத்தபின் கிடைக்கிற நாற்பது நிமிடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவார்.

அதே பேனாவால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடக்குறிப்பு நோட்டையும் நிரப்புவார். என்ன நடத்தினார், எப்படி நடத்தினார் என்பதெல்லாம் அதில் நீல மையில் இருக்கும்; தலைப்புகள் சிவப்பு மையில் இருக்கும்; கீழே தலைமையாசிரியையின் கையெழுத்து இருக்கும். நோட்டின்படி குடிமையியல் நான்காம் பாடம் போன மாதமே முடிந்துவிட்டது. 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று முத்தாய்ப்பு வேறு வைத்திருந்தார்.

நடத்தவில்லை என்று சொன்னால் நோட்டு பொய்யாகிவிடும். நடத்தினேன் என்று சொன்னால் இந்த மனுவுக்கு அவர்தான் பொறுப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"நான்தான் மேடம்" என்றார் கடைசியில். "ஆனா இவ்வளவு நல்லா நடத்தினேன்னு எனக்கே தெரியாது."

"நல்லா நடத்தச் சொல்லி உங்களை யார் சார் கேட்டா? பரீட்சைக்குத்தானே பாடம்? பிள்ளைங்க நிஜம்னு நம்புற அளவுக்கா நடத்துறது?" தலைமையாசிரியை மனுவை மடித்து அவர் கையில் திணித்தார். "அதிகாரி வர்றதுக்குள்ள அவங்களாவே இதை வாபஸ் வாங்கணும். அவுத்து விட்டது நீங்க. பிடிச்சுக் கட்டறதும் நீங்கதான்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தார். அவர் மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த சட்டையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"உங்க பேச்சைக் கேட்டு முப்பத்தெட்டுப் பிள்ளைங்க எழுந்து நின்னுச்சா?"

"ஏன், நிக்கக் கூடாதா?"

"நம்ம வீட்ல ரெண்டு இருக்கு. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எழுந்திருக்காது. அதான் கேட்டேன்."

அந்தச் சிரிப்பு சோஷியல் சாருக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையில் அவரும் அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? யாராவது பெற்றோர் வக்கீலாக இருப்பாரோ? சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில் வக்கீல் யாரும் இல்லை. யோசிக்க யோசிக்க ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று, பெயர் கூப்பிட்டு முடித்ததும், "நீங்கதான் நாளைய தூண்கள்" என்று பத்து நிமிடம் பேசினார். கணக்கு டீச்சர் இன்னும் வந்திருக்கவில்லை. மீதி நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் நல்ல விதைக்குப் பத்து நிமிடம் போதாதா என்ன? மனைவி கடைசித் துண்டை மடித்து முடிப்பதற்குள் அவர் ஏறக்குறைய அதை நம்பிவிட்டார்.

மறுநாள் மதியம், தன் பீரியடைத் தானே போய்க் கேட்டார்.

"டீச்சர், இன்னைக்கு மட்டும் ஆறாவது பீரியடை நான் எடுத்துக்கட்டுமா?"

கணக்கு டீச்சர் அதிகம் பேசாதவர். விரல் நுனியில் எப்போதும் சுண்ணக்கட்டி ஒட்டியிருக்கும். "உங்க பீரியட்தானே சார்" என்றார். சற்றுத் தயங்கி, "என்ன எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"கடமைகள்."

"அஞ்சாவது பாடம்" என்று தலையசைத்தார் கணக்கு டீச்சர். எண் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்குக்காரர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு சோஷியல் சார் வகுப்புக்குப் போனார்.

வாசலிலேயே வகுப்புத் தலைவி எழுந்தாள். இரட்டைச் சடை, மூக்கின் நுனிக்கு நழுவிய கண்ணாடி. "சார், இது கணக்கு டீச்சர் பீரியட்."

"டைம்டேபிளைப் பாரும்மா."

முப்பத்தெட்டு முகங்களும் ஒன்றுசேரத் தொங்கிப்போயின. கணக்கின்மேல் இவ்வளவு ஆசையா என்று சோஷியல் சார் வியந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உரிமைன்னு ஒண்ணு இருந்தா கடமைன்னு ஒண்ணும் இருக்கு. பொதுச்சொத்தைப் பாதுகாக்கிறது குடிமகனோட கடமை. பூட்டு எதுக்குப் போடறாங்க? பாதுகாக்கத்தான். அதைத் திறன்னு சொல்றது கடமையா? யோசிங்க."

யோசிக்கச் சொன்னதுதான் தப்பு. தலைவி மறுபடியும் எழுந்தாள்.

"சார், பாதுகாக்கிறதுன்னா பயன்படுத்திப் பாதுகாக்கிறதா, பயன்படுத்தாம பாதுகாக்கிறதா?"

"ரெண்டும்தான்."

"யாருமே பயன்படுத்தலைன்னா அது பொதுச்சொத்தா சார், காட்சிப்பொருளா? பூட்டியே வச்சா பூட்டும் துருப்பிடிச்சிடுமே சார்."

"இதெல்லாம் பாடத்துல இல்லம்மா. உக்காரு."

முப்பத்தெட்டுப் புத்தகங்கள் ஒரே நேரத்தில் புரளும் சத்தம் கேட்டது. "நூத்தி முப்பத்தி ரெண்டாம் பக்கம் சார். 'சிந்தித்து விவாதிக்க', ரெண்டாவது கேள்வி."

சோஷியல் சார் தன் புத்தகத்தைப் பிரித்தார். பாடத்திட்டம் மாறி இரண்டு வருடம் ஆகிறது. அவருடையது பழைய புத்தகம். அதில் நூற்று முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஓர் எரிமலை புகைந்துகொண்டிருந்தது.

"சரி, சரி. விவாதம் அப்புறம். நாளைக்கு எல்லாரும் கடமைகள் பத்து எழுதிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே வெளியே வந்தார். பிள்ளைகளை வீட்டுப்பாடத்தால் அமுக்கிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

எழுதச் சொன்னவர் யாருடைய கடமைகள் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, தலைமையாசிரியை அறைக்கு எதிரே இருந்த அறிவிப்புப் பலகையில், நான்கு மூலையிலும் ஊசி குத்தி ஒரு பெரிய அட்டை தொங்கியது. 'தலைமையாசிரியையின் கடமைகள் பத்து' என்று தலைப்பு. முதல் கடமை சாவி சம்பந்தப்பட்டது. அட்டையின் அடியில், 'சமூக அறிவியல் ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம்' என்று பொறுப்பாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

"தீயை அணைக்கச் சொன்னேன்" என்றார் தலைமையாசிரியை. கண்ணாடி மேஜைமேல் இருந்தது. "எண்ணெய் ஊத்திட்டு வந்து நிக்கிறீங்க."

"மேடம், எனக்கு ஒரு யோசனை. குழு போட்டுடுவோம்."

"என்ன குழு?"

"மாணவர் குழு. பிரச்சினையைத் தீர்க்கணும்னா வேலை பாக்கணும். தீர்க்காமலே முடிக்கணும்னா குழு போடணும். உலகம் பூரா இதான் வழக்கம். அஞ்சு பிள்ளைங்க, தலைவரா நான். நாலு கூட்டம் போட்டா அவங்களுக்கே அலுத்துப் போயிடும்."

சோஷியல் சார் தன் பாடத்தை ஓரளவு அறிந்தவர்தான் என்று தலைமையாசிரியைக்கு அன்றுதான் தோன்றியது. சம்மதித்தார்.

முதல் கூட்டம் வியாழக்கிழமை, பள்ளி விட்டதும். சோஷியல் சார் வேண்டுமென்றே இருபது நிமிடம் தாமதமாகப் போனார். தலைவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள், முதல் கூட்டம் நடக்கவில்லை என்று எழுதிவிடலாம் என்பது கணக்கு. அவர் உள்ளே நுழைந்தபோது ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நோட்டு. தலைவி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'தலைவர் வரவில்லை. போதுமான உறுப்பினர்கள் இருந்ததால் கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. தீர்மானம் ஒன்று: நேரத்துக்கு வரும் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பது.' வாங்க சார். நீங்களும் போட்டி போடலாம். வேட்பாளருக்கு வயசு வரம்பு வைக்கலை."

மாட்டேன் என்றால் மரியாதை போகும். நின்றார். ஐந்துக்கு ஒன்று என்ற வாக்கில் தோற்றார். அந்த ஒன்று அவருடையதுதான். அதை எண்ணி முடித்த பையன், யாரும் மனம் நோகக் கூடாது என்று, "ஒரு ஓட்டு விழுந்திருக்கு சார்" என்று ஆறுதலாகச் சொன்னான்.

தீர்மானம் இரண்டு, குழு தினமும் மதிய இடைவேளையில், பிரச்சினைக்குரிய இடத்திலேயே கூடும் என்றது. தீர்மானம் மூன்று, முன்னாள் தலைவருக்கு நன்றி தெரிவித்தது. நோட்டை நீட்டினால் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. மூன்றுக்கும் அடியில் போட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் பூட்டிய கழிப்பறைக்கு எதிரே ஐந்து பேர் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்த மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பத்து நிமிடத்தில் அது வரிசையாகிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எழுபது, எண்பது பேர். ஒரு சத்தம் இல்லை, ஒரு கோஷம் இல்லை. பூட்டிய கதவைப் பார்த்தபடி பேசாமல் நின்றார்கள். கத்தினால் அதட்டலாம். சும்மா வரிசையில் நிற்கிறவர்களை என்னவென்று அதட்டுவது? தலைமையாசிரியை தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சோஷியல் சார் தலைவியைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தணித்தார்.

"இதப் பாரும்மா. மனுவை வாபஸ் வாங்கிடு. உனக்கு உள்மதிப்பெண் முழுசாப் போட்டுடறேன்."

தலைவி நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள்.

"என்னம்மா எழுதுற?"

"'மனுவைத் திரும்பப் பெற்றால் உள்மதிப்பெண் முழுவதும் தருவதாக முன்னாள் தலைவர் கூறினார்.' எனக்கு மட்டுமா சார், முப்பத்தெட்டுப் பேருக்குமா? சரியா எழுதணும்ல."

சோஷியல் சார் ஆசிரியர் அறைக்குத் திரும்பினார். அன்று குறுக்கெழுத்தில் 'ஆபத்து' என்பதற்கு வேறு சொல் கேட்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

திங்கட்கிழமை, மனு கொடுத்த ஆறாவது வேலை நாள். மதிய இடைவேளை முடிய அரை மணி நேரம் இருக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஜீப் வந்து நின்றது. கல்வி அதிகாரி இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. மூன்று மணி நேரப் பயணம். அதில் பாதி தூரம் சாலையே இல்லை. தலைமையாசிரியையும் சோஷியல் சாரும் ஓடிப்போய் வணக்கம் சொன்னார்கள். அதிகாரி மனுவைப் பற்றிக் கேட்கவில்லை.

"டாய்லெட் எங்க இருக்கு?" என்றார்.

தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தார். "வாங்க மேடம், காட்டறேன்."

"காட்டவெல்லாம் வேண்டாம். போகணும்."

வரிசையில் நின்ற எண்பது மாணவிகளும் ஒதுங்கி வழி விட்டார்கள். தலைமையாசிரியை சாவியை நுழைத்தார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. வலது பக்கம் திருப்பினார், இடது பக்கம் திருப்பினார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. கடைநிலை ஊழியரைச் சுத்தியலோடு கூட்டி வர ஆள் ஓடியது. அந்த ஏழு நிமிடமும் தலைமையாசிரியை பூந்தொட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார். அதிகாரி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

தலைவி பணிவாக முன்னால் வந்து மனுவின் நகலை நீட்டினாள். "உங்களுக்கு அனுப்பியிருக்கோம் மேடம். இன்னும் ஒரு வேலை நாள் பாக்கி இருக்கு. நாங்க காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அதிகாரி நின்றபடியே அதைப் படித்தார். அதன் ஒவ்வொரு வரியும் அவருக்கு அந்த நிமிடத்தில் புரிந்த மாதிரி வேறு யாருக்கும் புரிந்திருக்காது. சுத்தியலின் நாலாவது அடியில் பூட்டு விழுந்தது.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் புதுவெளிச்சம் இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசை சத்தமில்லாமல் நகரத் தொடங்கியது.

"இந்தப் பிள்ளைங்களுக்குச் சோஷியல் யார் எடுக்கறது?"

தலைமையாசிரியையின் விரல் அம்பு மாதிரி நீண்டது. "இவர்தான் மேடம். எல்லாத்துக்கும் இவர்தான் காரணம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

அதிகாரி சோஷியல் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினெட்டு வருஷமா ஸ்கூல் ஸ்கூலாப் போறேன் சார். குடிமகன்னா யாருன்னு கேட்டா கடகடன்னு ஒப்பிப்பாங்க. ஒப்பிச்சதும் உக்காந்துடுவாங்க. உக்காராத பிள்ளைங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

நீண்டிருந்த விரல் அப்படியே விரிந்து உள்ளங்கையானது. "இவருக்கு முழுச் சுதந்திரம் குடுத்து வச்சிருக்கேன் மேடம்" என்றார் தலைமையாசிரியை.

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம்தான். சோஷியல் சாருக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. அது ஆறாவது பீரியடில் தூங்கிப் பழகியது, அவ்வளவுதான்.

"பாடத்தை மூளையில ஏத்தக் கூடாது மேடம்" என்று தன் குரல் சொல்வதை அவரே கேட்டார். "ரத்தத்துல ஏத்தணும். அதுக்கு ஒரு நாள் விடாம வகுப்பெடுக்கணும். லீவு எடுக்கணும்னு தோணும். ஆனா பிள்ளைங்க முகம் ஞாபகம் வந்துடும்."

பாடக்குறிப்பு நோட்டு வந்தது. அதிகாரி நான்காம் பாடத்தைப் புரட்டி, 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்ற வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். எல்லாப் பள்ளிக்கூடத்துச் சோஷியல் ஆசிரியர்களுக்கும் இவர்தான் இனிப் பயிற்சி தர வேண்டும், தன் அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதித் தர வேண்டும் என்றார். கட்டுரைக்குச் சோஷியல் சார் மனதிலேயே தலைப்பு வைத்துவிட்டார். இன்று மாலை மனைவி எந்தத் துணியை மடித்தாலும் சரி, அந்தச் சிரிப்பு இருக்காது.

ஆறாவது பீரியட் மணி அடித்தது. "வகுப்பைப் பாக்கலாம்" என்றார் அதிகாரி.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு அன்று ஜொலித்தது. அதிகாரி எதைக் கேட்டாலும் முப்பது கைகள் உயர்ந்தன. சட்டம் எதற்கு, வரி எதற்கு, ஒருவர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டால் அவரை என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மேடையில் சோஷியல் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடக்கமாக இருப்பது போல நின்றார். கணக்கு டீச்சர் வாசல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரியின் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போனது. அங்கே ஒரு சின்னப் பெண், இதுவரை ஒரு தடவைகூடக் கை தூக்காதவள்.

"நீ சொல்லும்மா. இவ்வளவையும் சார் உங்களுக்கு எப்படி நடத்தினாரு?"

அவள் எழுந்தாள். தயங்கினாள். சோஷியல் சாரைப் பார்த்தாள்.

சோஷியல் சார் கருணையோடு புன்னகைத்தார். "பயப்படாம உள்ளதைச் சொல்லும்மா. ஒரு குடிமகளோட முதல் கடமை அதுதான்."

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இந்த சார் போன வாரம் ஒரு நாள்தான் வந்தாரு மேடம்; தினமும் இவர்கிட்ட பீரியடைக் கேட்டு வாங்கி எங்களுக்குச் சோஷியல் நடத்துறது கணக்கு டீச்சர்தான்."